மூளையில் ஸ்டென்ட் வைக்க நிலத்தை விற்கலாமா?

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 63. தக்காளியும் ராகியும் போடும் விவசாயி. பத்து வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது. மாத்திரையைத் தலை சுற்றினால் மட்டும் போடுவார். பீடிப் பழக்கமும் உண்டு. தை மாதத்தில் ஒருநாள் மார்க்கெட்டில் கூடை இறக்கும்போது பேச்சு குழறி, வலது கை மரத்துப் போயிருக்கிறது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால் பசி மயக்கம், பித்தம் என்று விட்டுவிட்டார்கள். மாசியில் ஒருநாள் விடியற்காலை 5.30 மணிக்குக் கண் விழித்தபோது வலது கையும் காலும் தூக்க வரவில்லை. வாய் கோணியிருந்தது. காபி கொடுத்திருக்கிறார்கள், புரையேறியிருக்கிறது. சித்தப்பா வண்டியில் உட்காரவைத்து ஒரு வாத வைத்தியரிடம் கூட்டிப்போக, அங்கே எண்ணெய் தேய்த்துப் புறா ரத்தம் பூசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி 11.30. ஸ்கேன் எடுத்துவிட்டு, "ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது" என்று சொல்லி மாத்திரையில் வைத்திருக்கிறார்கள்.

இது நடந்து ஏழு வாரம். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு மெதுவாகத் திரும்பி வருகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடது பக்கப் பெரிய ரத்தக்குழாய் ஒன்றில் 75 சதவீதச் சுருக்கம் என்று வந்திருக்கிறது. போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில், உடனே ஸ்டென்ட் (சுருங்கிய குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைக்காவிட்டால் அடுத்த அட்டாக்கில் ஆள் தேறமாட்டார், நாலரை லட்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதய ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கும் மாமா, புளியமரம் நிற்கிற முக்கால் ஏக்கரை விற்றாவது வைத்துவிடலாம் என்கிறார். அண்ணன், மூளைக்குள் ஒயர் விட்டால் மேசையிலேயே போய்விடுவார் என்று பயப்படுகிறார். வாசகி கேட்பது மூன்று கேள்விகள். அன்று நேரத்தோடு போயிருந்தால் அடைத்த ரத்தக்கட்டியை இழுத்து எடுத்திருப்பார்களா? ஸ்டென்ட் வைப்பதா, வேண்டாமா? நிலத்தை விற்பதா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். நிலத்தை விற்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல்களை வைத்துப் பார்த்தால், உங்கள் அப்பாவுக்கு இன்றைக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நான் படங்களைப் பார்க்கவில்லை, அவரை நேரில் பரிசோதிக்கவும் இல்லை. ஆகவே இன்னொரு நரம்பியல் மருத்துவர் நேரில் பார்த்து இதை உறுதி செய்ய வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று காலை ஆறு மணி நேரம் போனது, யாரும் பதறவில்லை. ஏழு வாரம் கழித்து இப்போது எல்லோரும் பதறுகிறீர்கள். மூளை ரத்தக்குழாய் நோயில் ஓட வேண்டிய நேரமும் உண்டு, உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரமும் உண்டு. உங்கள் வீட்டில் இரண்டும் இடம் மாறிவிட்டன. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அன்று காலை

நீங்கள் 5.30 மணியிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். மருத்துவர்கள் அப்படிப் போடுவதில்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதுதான் எங்களுக்குத் தொடக்கம். அப்பா இரவு 9.30 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடைப்பு நள்ளிரவில் வந்ததா, விடியும்போது வந்ததா என்று யாருக்கும் தெரியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்த்தால், நீங்கள் ஆறரை மணிக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த நேரம் முடிந்துபோனதாகத்தான் கணக்கு.

அதற்காக, எப்போது போனாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் வந்த பக்கவாதத்தில், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து அடைப்பு புதிதுதான் என்று தெரிந்தால் ஊசி போடலாம் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வசதி உள்ள இடத்துக்குச் சீக்கிரம் போயிருந்தால் ஊசிக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். இல்லை என்று பொய் சொல்லி உங்களைத் தேற்ற விரும்பவில்லை.

கட்டியை இழுத்து எடுப்பது வேறு. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மூளையில் அடைத்து நிற்கிற கட்டியை வலைபோன்ற ஸ்டென்ட்டில் சிக்கவைத்து இழுப்போம், அல்லது உறிஞ்சி எடுப்போம். ஐந்து பெரிய ஆய்வுகள் 2015இல் அடுத்தடுத்து வெளியாகி, இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்று சந்தேகமில்லாமல் காட்டின. இரண்டு மூன்று பேருக்குச் செய்தால் அதில் ஒருவருடைய ஊனமாவது ஒரு படி குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் குறைவு. முதலில் ஆறு மணி நேரத்துக்குள் என்றார்கள். படத்தில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சம் இருந்தால் 24 மணி நேரம் வரைகூட செய்யலாம் என்று 2018இல் தெரிந்தது.

ஆனால் இது பெரிய குழாய் முழுசாக அடைத்துக்கொண்டவர்களுக்கான சிகிச்சை. அப்பாவின் ரிப்போர்ட்டில் குழாய் சுருங்கியிருக்கிறது, அதன் வழியே ரத்தம் ஓடுகிறது என்றுதான் இருக்கிறது. பாதிப்பும் மூளையின் ஆழத்தில் ஒரு சிறிய இடத்தில்தான். இழுத்து எடுக்க அங்கே பெரிய கட்டி இல்லை. அன்று காலை ஆறு மணிக்கு அவரைப் பெங்களூரில் இறக்கியிருந்தாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் தவறவிட்டது மாசி மாதத்துக் காலையைவிட, தை மாதத்து இருபது நிமிடத்தை. பேச்சு குழறி, கை மரத்து, தானாகச் சரியாகிப் போனதே, அது பித்தம் இல்லை. சிறிய பக்கவாதம் வந்து விலகியிருக்கிறது. அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் பெரிதாக ஒன்று வரலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. இப்படி வந்தவர்களுக்கு உடனே மாத்திரை தொடங்கினால், அடுத்த மூன்று மாதத்தில் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று ஆக்ஸ்போர்டில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் சொன்னது. விலை குறைந்த, எங்கும் கிடைக்கிற மாத்திரைகள்தான் அவை. இதை நீங்கள் வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. உங்கள் தெருவில் இன்னொருவருக்கு இருபது நிமிடம் வாய் குழறினால், நீங்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பீர்கள் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

சித்தப்பாவைக் குற்றவாளியாக்காதீர்கள். தனக்குத் தெரிந்த வழியில் அண்ணனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை என்று எனக்குப் புரிகிறது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கையும் காலும் சில வாரங்களில் தானாகவே ஓரளவு திரும்பும். பெயர் புறாவுக்குப் போய்விடும். அதைவிடக் காபிதான் எனக்குக் கவலை. பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். கொடுத்தது நுரையீரலுக்குள் போய் நிமோனியாக் காய்ச்சலில் இறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம்.

அண்ணனின் பயம்

ஒயர் மூளையைக் குத்திக்கொண்டு போவதில்லை. அது ரத்தக்குழாய்க்கு உள்ளேயே, எக்ஸ்ரே திரையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகிறது. குழாயின் உட்சுவரில் அது ஊர்வது நோயாளிக்குத் தெரிவதுகூட இல்லை. படத்தில் குழாய் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தும்போது முகத்தில் சூடு பரவுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். லிஸ்பன் நகரத்தில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலில் எக்ஸ்ரேயில் படம் பிடித்தது 1927இல். படம் எடுப்பதற்காக மட்டும் செய்யும் ஆஞ்சியோவில், பழகிய கைகளில், பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஆக, அண்ணன் பயப்படும் காரணம் சரியில்லை. ஆனால் மூளையில் ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி அவருக்குத் தயக்கம் இருப்பது சரிதான். படம் எடுப்பதற்கும் ஸ்டென்ட் வைப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

மாமாவின் இதயமும் அப்பாவின் மூளையும்

மாமா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. குழாய் சுருங்கியிருக்கிறது, விரித்துவிட்டால் சரியாகிவிடும். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துப் பழகிய எவருக்கும் அப்படித்தான் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். சாம்ப்ரிஸ் என்று அதற்குப் பெயர். உங்கள் அப்பாவைப் போலவே மூளைக்குள் 70 முதல் 99 சதவீதம் சுருக்கம் உள்ள, சமீபத்தில் பக்கவாதமோ அதன் எச்சரிக்கையோ வந்த 451 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைச் சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு அதே மாத்திரையோடு ஸ்டென்ட்.

ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு முப்பது நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தது அல்லது இறந்துபோனார்கள். மாத்திரை மட்டும் போட்டவர்களில் அது 5.8 சதவீதம். ஸ்டென்ட் தரப்பில் பாதிப்பு அதிகமாக இருந்ததால், 2011இல் புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு சீனாவில் இன்னும் கவனமாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. அதிலும் ஸ்டென்ட் மாத்திரையை மிஞ்சவில்லை. கதீட்டர் என்ற அந்த மெல்லிய குழாயைக் கையில் பிடித்துத்தான் நான் தொழில் செய்கிறேன். இந்த முடிவு எங்களுக்கு இனிப்பாக இல்லை. ஆனால் அதை மறைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்க முடியாது.

ஏன் இப்படி? இதயத்தின் ரத்தக்குழாய் தடித்த சுவர் உள்ளது, தசையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மூளையின் குழாய் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் அகலம், சுவர் மெல்லியது, சுற்றிலும் நீர். பலூனை அதிகம் விரித்தால் கிழியும். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சுருங்கியுள்ள அந்தக் குழாயின் பக்கவாட்டிலிருந்து முடிபோன்ற கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. கையையும் காலையும் அசைக்கும் நரம்புப் பாதைக்கு ரத்தம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஸ்டென்ட் விரியும்போது சுவரில் படிந்துள்ள கொழுப்பு நசுங்கி, அந்தக் கிளைகளின் வாயில் ஏறி அடைத்துவிடலாம். பெரிய குழாய் படத்தில் அழகாகத் திறந்திருக்கும். நோயாளிக்குக் கை விழுந்துவிடும். என் அனுபவத்தில் மிகக் கடினமான தருணம், அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கும் மகனிடமோ மகளிடமோ பேசுவதுதான்.

75 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூளைக்கு முக்கால் பங்கு ரத்தம் போகவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. குழாயின் அகலம் அந்த ஒரு இடத்தில் அவ்வளவு குறுகியிருக்கிறது. மற்ற குழாய்கள் சுற்றுவழியில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம், மருந்து செலுத்தாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோ சுருக்கத்தைக் கூட்டிக் காட்டும் பழக்கமுள்ளது. அதை மட்டும் வைத்து யாரும் ஸ்டென்ட் முடிவுக்கு வரக் கூடாது.

கழுத்தில் உள்ள குழாயில் சுருக்கம் என்றால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். பக்கவாத அறிகுறி வந்தவருக்குக் கழுத்துக் குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சையோ ஸ்டென்ட்டோ செய்வது பலன் தரும். அப்பாவின் ரிப்போர்ட்டில் கழுத்துக் குழாய்கள் நன்றாக உள்ளன. அக்கம்பக்கத்தில் "எங்க ஆளுக்கு வச்சாங்களே" என்று சொன்னால், கழுத்திலா, மூளைக்குள்ளேயா என்று கேளுங்கள்.

நானே ஸ்டென்ட் வேண்டும் என்று சொல்லும் நிலை

ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் அதே குழாயால் மறுபடி பக்கவாதம் வந்தால் கணக்கு மாறும். மூளைக்குள் வைக்கும் ஒரு ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் விதியே இதுதான்: 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம், முழுமையான மாத்திரைச் சிகிச்சையையும் மீறி இரண்டோ அதற்கு மேலோ பக்கவாதம், கடைசிப் பக்கவாதம் முடிந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இப்படித் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ளவர்கள் செய்தபோது சிக்கல்கள் மிகவும் குறைந்தன. ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் மட்டும் பாதி அளவு மெதுவாக விரிப்பது நல்ல பலன் தந்தது என்று சீனாவிலிருந்து 2024இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இந்தத் துறை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் என் பதில் மாறலாம்.

உங்கள் அப்பா அந்த வரிசையில் இல்லை. அவருக்கு மாத்திரை தோற்கவில்லை. பக்கவாதம் வரும்வரை அவர் மாத்திரையே ஒழுங்காகப் போட்டதில்லை. தொடங்கிய ஏழு வாரத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. அந்த மருத்துவமனைக்கு மறுபடி போவதாக இருந்தால் இவற்றைக் கேளுங்கள்:

மாத்திரையோடு மட்டும் விட்டால் என்ன அபாயம், ஸ்டென்ட் வைத்தால் முதல் மாதத்தில் என்ன அபாயம்? இரண்டையும் எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள்.

செய்யப்போகும் மருத்துவர் இதயத்தில் அல்ல, மூளைக்குள் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்? அவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?

இன்றே என்ன அவசரம்? இந்தக் கேள்விக்கு "அடுத்த அட்டாக்கில் போய்விடுவார்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைய சிகிச்சை மாத்திரைதான்

"வெறும் மாத்திரைதானா" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஸ்டென்ட்டைத் தோற்கடித்தது அந்த வெறும் மாத்திரைதான். ஆனால் அதை ஒழுங்காகப் போட வேண்டும். தோலில் நீலத் திட்டு வருகிறது என்று அப்பா இரண்டு வாரமாகக் குளோபிடோக்ரெலை நிறுத்திவிட்டார் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளும் பக்கவாதம் வந்த முதல் 90 நாள் சேர்ந்தே போக வேண்டும், பிறகு ஒன்று போதும் என்பதுதான் சாம்ப்ரிஸ் ஆய்வின் முறை. உங்கள் மருத்துவர் எழுதியதும் அதுதான். திட்டு வருவது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். நாளையே எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் பிடுங்குவதற்காகக்கூட மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வாத வைத்தியர் கொடுத்த சூரணத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால், இந்த மாத்திரைகளோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

கொழுப்பு நார்மல் என்று லேப் சீட்டில் இருக்கும்போது கொழுப்பு மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்ட கொழுப்பு 112 என்பது அண்ணனுக்கு நார்மலாக இருக்கலாம். குழாயில் கொழுப்பு படிந்து ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு 70க்குக் கீழே வர வேண்டும். ரத்த அழுத்தம் மேலே உள்ள எண் 140க்குக் கீழே, ஒருநாள் தவறாமல். ஒரு மிஷின் வாங்கிக் காலையில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பீடி முழுசாக நிற்க வேண்டும், இரண்டாகக் குறைப்பதில் பயன் இல்லை. களி சாப்பிடட்டும், நல்லது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் கருவாட்டையும் தள்ளி வையுங்கள்.

கைக்கும் பேச்சுக்கும் பயிற்சியை விடாதீர்கள். திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில்தான் வரும்.

பணமும் காகிதமும்

மாத்திரைக்காக மாதாமாதம் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், தொடங்கப்பட்டது. ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அப்பாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மற்ற மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் வைத்து இப்போதே எடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஓடுவது கொடுமை. எல்லா மருத்துவமனையிலும் அது செல்லாது. பெங்களூரு போவதாக இருந்தால் முன்பணம் கட்டும் முன்பே, அங்கே செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் படங்களின் சி.டி.யைத் தர மறுக்கிறார்கள் என்றீர்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. சண்டை போட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் படங்களோடு வேறொரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

இன்னொரு காலை அப்படி வந்தால்

முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று தள்ளாடினாலோ, ஒரு கண்ணில் பார்வை போனாலோ அப்படித்தான். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். வாயில் ஒன்றும் தர வேண்டாம். அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கவும் விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் தவிக்கிற மூளைக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தமும் போய்விடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும், என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்குவது நேரத்தை வீணாக்கும். உங்களுக்கு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். அங்கே முதல் ஸ்கேனும் ஊசியும் முடியட்டும். அந்த இடத்திலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெரிய குழாய் அடைத்திருக்கிறதா, கட்டியை எடுக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டுமா?" ஆம் என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலமா, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரா என்று அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் பேசி முடிவெடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் இந்த வசதி இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து, அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் மாமா சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, சித்தப்பா செய்தது இருக்கிறது. அப்பா என்ன நினைக்கிறார் என்று எங்கேயும் இல்லை. பேச்சு குழறுவதால் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. சொன்னதை நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்று மருத்துவக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய மூளை, அவர் உழுத நிலம். கையெழுத்தும் சட்டப்படி அவர்தான் போட வேண்டும். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சொல் கிடைக்க அவருக்கு நேரமாகும். நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுக்காமல், அவர் சொல்லி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.